காம்போடு ஒரு பூ: கொடைக்கானலில் மூன்று நாள்

முதல் நாள், வியாழன் இரவு

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் யாரும் விடியற்காலை நாலரை மணிக்கு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் போய் நிற்க மாட்டார்கள். நாங்கள் நின்றோம். காரணம் அத்தை. முப்பது வருடம் மதுரையில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்றவர். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது கடையை மகன் பார்க்கிறான். கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட கொடைக்கானல் மலை ஏறியதில்லை. சரி வா அத்தை என்று கூப்பிட்டதற்கு, "மலைக்கு வெறுங்கையோட போறதாத்தா? நிலக்கோட்டைல எறங்கி ரெண்டு கிலோ பூ எடுத்துக்குவோம்" என்றார்.

இரண்டு கிலோ நடக்கவில்லை. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, விலை நாலு இலக்கத்தைத் தொட்டிருந்தது. அரைக் கிலோ மல்லி மொட்டு, ஒரு கட்டு மரிக்கொழுந்து, ஒரு சுருள் வாழைநார். அத்தை பேரம் பேசுவதைக் கேட்டு அந்தக் கமிஷன் கடைக்காரர், "அக்காவுக்குத் தொழிலே இதுதான் போல" என்று இருபது ரூபாய் குறைத்தார்.

நான் இந்தப் பயணம் கிளம்பியதே பூவுக்காகத்தான். பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் குடியேறி, வீட்டிலேயே நாலு பேருக்கு இகெபானா சொல்லிக்கொடுக்கிறார். ஜப்பான்காரர்கள் ஜாடியில் பூ வைக்கும் கலை. அதைக் கற்றுக்கொண்டு, உலகத்தில் யார் யார் எப்படிப் பூ வைத்தார்கள் என்று எழுதுவதாகத் திட்டம். ஆனால் மலை ஏறும் முன்பே, அந்த மார்க்கெட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அங்கே எந்தப் பூவுக்கும் காம்பு இல்லை.

மல்லி, பிச்சி, முல்லை, அரளி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி எல்லாம் சாக்கிலும் கூடையிலும் மலையாகக் குவிந்து, கிலோ கணக்கில் தராசில் ஏறுகின்றன. பன்னீர் ரோஸ்கூடத் தலை மட்டும்தான். காம்பு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். நம் பூ தலைக்கும் சாமிக்கும் போவது. கட்டத் தேவையான இத்துனூண்டு காம்பு போதும், மிச்சம் வீண் எடை. மேலே கொடைக்கானல் பசுமைக்குடில்களில் கார்னேஷனைக் காம்பு எண்ணி விற்கிறார்கள் என்று டீச்சர் போனில் சொல்லியிருந்தார். ஒரே மாவட்டம், கீழே எடை, மேலே எண்ணிக்கை.

இன்னொன்றும் யோசித்தேன். அந்தக் குவியலில் எத்தனை நம்முடையவை? சம்பங்கியின் ஊர் மெக்சிகோ. மாலைக்கு உடம்பு கொடுக்கும் செண்டுமல்லியும் அங்கிருந்து வந்ததுதான். மெக்சிகோவில் நவம்பர் முதல் வாரம் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் திருநாளில் இதே ஆரஞ்சுப் பூவைக் கல்லறையிலும் படையலிலும் கொட்டி வைப்பார்கள். வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். செவ்வந்தி சீனத்திலிருந்து கிளம்பி, ஜப்பானில் அரச முத்திரையாகி, இங்கே ஆயுத பூஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. சங்ககாலப் புலவர் ஒருவரை இன்று இந்த மார்க்கெட்டில் இறக்கிவிட்டால் பாதிப் பூவுக்குப் பெயர் தெரியாமல் முழிப்பார். அத்தையிடம் சொன்னேன். "அதுக்கென்ன, சாமி ஏத்துக்கிட்டாருல்ல" என்றார்.

வத்தலக்குண்டில் பஸ் மாறி மலை ஏறும்போது அத்தை மடியில் துண்டை விரித்து மல்லியைக் கட்டத் தொடங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வயிறு புரண்டது, அவர் விரல் நிற்கவில்லை. வயிற்றை மறக்க நான் அவருக்கு எகிப்துக் கதை சொன்னேன். துட்டன்காமுன் என்று ஒரு சின்ன வயது ராஜா. 1922இல் ஹோவர்டு கார்ட்டர் அவன் கல்லறையைக் கண்டுபிடித்தார். பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்துகொண்டு போனால், தங்கத்துக்கு நடுவே பூ. ஒரு சவப்பெட்டியின் நெற்றியில் இருந்த பாம்புச் சின்னத்தைச் சுற்றி ஆலிவ் இலையும் நீல அல்லி இதழும் கார்ன்ஃப்ளவர் என்ற நீலப் பூவும் சேர்த்துக் கட்டிய சின்ன வளையம். உள்பெட்டியின் மார்பில் பூவும் பழமும் இலையும் தைத்த பட்டையான ஆரம். மூவாயிரத்து முந்நூறு வருடம் கழித்தும் அவை அடையாளம் தெரிந்தன. அந்தப் பூவும் காயும் எந்தப் பருவத்தில் வரும் என்று கணக்குப் போட்டு, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் அடக்கம் செய்திருக்க வேண்டும் என்று தாவரவியல்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அத்தை கட்டுவதை நிறுத்தி, "நாரு எதுல கட்டுனாக?" என்று கேட்டார். பாப்பிரஸ் தாளிலும் பனையோலைக் கிழிசலிலும் என்றேன். "பனையோலையா... நல்லாத்தான் கட்டியிருப்பாக. எழவு வீட்டு மாலையும் கல்யாண மாலையும் ஒரே கைதானத்தா கட்டுது."

பெருமாள்மலை தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பின்சீட்டில் சத்தம். டீச்சர் வீட்டில் வெந்நீரும் கம்பளியும் தயாராக இருந்தன. இதைக் கம்பளிக்குள் இருந்தபடிதான் எழுதுகிறேன். மல்லி மட்டும் விரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மதுரையில் வீடே மணக்கும். இங்கே பொத்திய வாயோடு அப்படியே இருக்கிறது. அத்தைக்கு இது பெரிய கவலை.

இரண்டாம் நாள், வெள்ளி (சிக்னல் இல்லாததால் சனி காலை போடுகிறேன்)

டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒரு தாழ்வான மேசை. அதன் மேல் அகலமான கருப்புத் தட்டில் கொஞ்சம் தண்ணீர், வளைந்த ஒரு கிளை, கீழே ஒரே ஒரு வெள்ளைக் கார்னேஷன். அவ்வளவுதான். அத்தை அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என் காதில், "டீச்சரம்மா பாவம், பூ கெடைக்கல போல. நம்ம மல்லிய வேணா குடுப்பமா?" என்றார். நல்லவேளை, டீச்சர் அடுப்படியில் இருந்தார்.

பாடம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. முதல் பொருள், தட்டின் அடியில் உட்காரும் ஆணித் தட்டு. உள்ளங்கை அகல உலோகத் துண்டில் நெருக்கமாக ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். காம்பை அதில் குத்தி நிறுத்த வேண்டும். ஜப்பானியப் பெயர் கென்சான், அதற்கு வாள்மலை என்று பொருள். மலையில் உட்கார்ந்து மலையைத் தொடுகிறோம் என்று நினைத்த நேரத்தில் சுட்டுவிரலில் மூன்று இடத்தில் ரத்தம். அத்தை மஞ்சள் தேடினார்.

அடுத்தது வெட்டுவது. காம்பை வாளித் தண்ணீருக்குள் முக்கி, தண்ணீருக்குள்ளேயே வெட்ட வேண்டும். வெளியே வெட்டினால் காம்புக்குள் இருக்கும் நுண்குழாயில் காற்றுக் குமிழி ஏறி அடைத்துக்கொள்ளும், பூவுக்குத் தண்ணீர் போகாது. இதைக் கேட்டதும் அத்தைக்கு முதல் தடவையாக டீச்சர் மேல் மரியாதை வந்தது. நாரை ஏன் நனைத்துக் கட்டுகிறோம் என்று அவர் பதிலுக்கு விளக்கினார். ஈர நார் கண்ணியை இறுக்கும், பூவின் கழுத்துக்குக் கடைசிவரை ஈரம் கொடுக்கும், நூலுக்கு அந்தக் குணம் கிடையாது. டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் விரலைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று கிளை. டீச்சர் பயின்ற முறையில் முதல் கிளையின் உயரம், தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி அதில் ஒன்றரை மடங்கு. இரண்டாவது, முதலாவதில் முக்கால். மூன்றாவது, இரண்டாவதில் முக்கால். மூன்றும் வேறு வேறு பக்கம் சாயும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் டீச்சர் பிடுங்கிவிடுவார். அத்தையின் தொழிலில் நேர் எதிர்: மாலையின் இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இல்லாவிட்டால் சாமி கழுத்தில் கோணிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம் நான் நட்ட கிளைகள் மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

டீ நேரத்தில் கதை. இந்தக் கலையின் வேர் புத்தருக்கு வைக்கும் பூவில் இருக்கிறது. அந்த வழக்கம் நம் பக்கமிருந்து சீனம் போய், அங்கிருந்து ஜப்பானுக்கு ஏறியது. கியோட்டோவில் ரொக்காகுதோ என்று ஒரு கோயில். அங்கே குளத்தங்கரையில் குடியிருந்த பூசாரிகளின் வழியைத்தான் இகெனொபோ என்கிறார்கள், குளத்துக் குடில் என்று அர்த்தம். 1462இல் அந்த வழியில் வந்த சென்கெய் என்பவர் தங்கக் குடத்தில் பூ வைத்தார், ஊரே போட்டி போட்டுக்கொண்டு பார்க்கப் போனது என்று வேறொரு துறவி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். யாரோ ஒருவர் அன்றன்றைக்கு நடந்ததைக் கிறுக்கி வைத்ததுதான் ஒரு கலையின் முதல் உறுதியான சான்று! நானும் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்த கதை ரிக்யூவுடையது. பதினாறாம் நூற்றாண்டு, தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான். அவர் தோட்டத்தில் காலையில் மலரும் நீலக் கொடிப்பூ அபாரமாகப் பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நாட்டையே ஆண்ட ஹிதெயோஷி பார்க்க வந்தாராம். வந்தால் தோட்டத்தில் ஒரு பூ இல்லை, எல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது. கோபத்தோடு தேநீர் அறைக்குள் குனிந்து நுழைந்தால், அங்கே ஒரே ஒரு பூ. கர்ணபரம்பரைக் கதைதான். அத்தை கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மிச்சப் பூவ என்ன செஞ்சாராம்?" என்றார். டீச்சருக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

சீனத்தில் 1599 வாக்கில் யுவான் ஹோங்தாவோ என்ற எழுத்தாளர் ஜாடிப் பூவைப் பற்றியே தனி நூல் எழுதினார். எந்தப் பூவுக்கு எது துணை, எந்தத் தண்ணீர், பூவைக் குளிப்பாட்டுவது எப்படி என்றெல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் அப்படி ஜாடி இல்லாததற்கு அறிவுக் குறைவு காரணமில்லை என்பது என் கட்சி. நமக்கு ஜாடி தேவைப்படவில்லை. தலையில் சூடினால் கண்ணி, ஆண் மார்பில் தார், பெண் அணிந்தால் கோதை என்று, பூ உடம்பில் எங்கே உட்காருகிறது என்பதற்கே தனித்தனிச் சொல் வைத்திருந்தோம். பகைவர் மாட்டைக் கவரப் போனால் வெட்சி, கோட்டையைக் காத்தால் நொச்சி, ஜெயித்தால் வாகை. ஒலிம்பியாவில் ஜெயித்தவன் காட்டு ஆலிவ் வளையத்தை வாங்கிக்கொண்டிருந்த மாதிரிதான் இதுவும். வாகை மரம் எது என்று தெரியாதவர்கள்கூட இன்றைக்கும் தேர்தல் செய்தியில் "வாகை சூடினார்" என்று எழுதுகிறார்கள்.

மதியம் மூடுபனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. சுவரில் ஒரு பழைய காலண்டர்ப் படம். டச்சு ஓவியம், ஜாடி வழியப் பூ. அத்தை பார்த்ததும் மலர்ந்தார். "இது பூ!" நான் உடைத்துச் சொன்னேன்: இது பொய் அத்தே. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர்கள் வசந்தத்தில் பூக்கும் டூலிப்பையும் கோடையில் பூக்கும் ரோஜாவையும் ஒரே ஜாடியில் வைத்து வரைந்தார்கள். அப்படி ஒரு ஜாடியை நிஜத்தில் எந்த நாளிலும் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு பூவும் பூக்கும்வரை காத்திருந்து, தனித்தனியாகப் பார்த்து வரைந்து சேர்த்தது. அபூர்வமான பூவைப் பார்க்கவென்றே யான் பிரூகல் என்ற ஓவியர் பிரஸ்ஸல்ஸ் வரை போயிருக்கிறார்.

அந்த டூலிப் துருக்கிப் பக்கமிருந்து வந்தது. அதன் கிழங்குக்கு விலை ஏறி, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தோண்டாமலே சீட்டில் எழுதிக் கைமாற்றி, 1637 பிப்ரவரியில் எல்லாம் சரிந்தது. அத்தை தலையாட்டினார். "ஏலச்சீட்டுக்காரன் ஓடிப்போன மாதிரி." அதைவிட அவரைக் கவர்ந்தது ராகேல் ரொய்ஷ். பூ வரைந்தே பேரும் பணமும் சம்பாதித்த பெண், 1664இல் பிறந்து எண்பது தாண்டியும் தூரிகையை விடவில்லை, பத்துப் பிள்ளை பெற்றவர்.

"பத்தா? பத்தையும் வச்சுக்கிட்டு எப்ப வரைஞ்சாக?"

"நீங்க மூணை வச்சுக்கிட்டு எப்படிக் கட்டினீங்க?" என்றார் டீச்சர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரிவரை பேச்சில் எனக்கு இடமே இல்லை.

மூன்றாம் நாள், சனி, பஸ்ஸில் தொடங்கி வீட்டில் முடித்தது

காலையில் ஊருக்கு வெளியே ஒரு பசுமைக்குடிலுக்குப் போனோம். பாலித்தீன் கூரைக்குக் கீழே கார்னேஷன் வரிசைகள். தண்டு சாயாமல் இருக்கக் கிடைமட்டமாகக் கம்பியிலும் நூலிலும் வலை கட்டியிருக்கிறார்கள், செடி அந்தக் கட்டங்கள் வழியே நேராக வளர்கிறது. பக்க மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்து ஒரு தண்டுக்கு ஒரு பூ. இருபது காம்பு ஒரு கட்டு. அத்தை கீழே கிடந்த பக்க மொட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். வேலை செய்த பெண் தடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார். நான் ஒரு கட்டு விலைக்கு வாங்கினேன், சிவப்பு.

பிரயண்ட் பூங்காவில் மே மாதக் கூட்டம் இல்லை, தொட்டிகளும் பாத்திகளும் அடுத்த பருவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. 1908இல் போட்ட பூங்கா, பிரயண்ட் என்ற வன அதிகாரியின் பெயர். ஏரிக்கரையில் கேரட் விற்பவரிடம் டீச்சர் ஊதா முட்டைக்கோஸ் ஒன்று வாங்கி, வெளி இலைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார், ஜாடிக்காம். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற இங்கிலாந்துப் பெண்மணி 1930களில் கீரை இலையையும் வேலியோரக் களையையும் சீமாட்டிகளின் வீட்டு மேசையில் ஏற்றியவர். அதே கைதான் 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கும் பூ அலங்காரம் செய்தது. முட்டைக்கோஸை ஜாடியில் வைப்பதை அத்தை ஏற்கவில்லை. "பொரியலுக்கு ஆகும்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒரு குறையைக் கொட்டினேன். போன ஆவணியில் சித்தி மகள் வரவேற்புக்கு மேடை அலங்காரம் செய்தவர்கள், தண்ணீரில் ஊறவைத்த பச்சைச் செங்கல் மாதிரி ஒன்றில் பூவைக் குத்தினார்கள். மறுநாள் அந்தச் செங்கற்களை நொறுக்கி மண்டபத்துக் கிணற்றடியில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பச்சைத் தூள் எத்தனை கழுவியும் போகவில்லை. அது 1954இல் அமெரிக்காவில் வந்த பொருள் என்றார் டீச்சர். ஃபீனால் பிசினில் செய்த நுரை. மட்காது, நுண்பிளாஸ்டிக்காக உதிரும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021இல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. வாள்மலை நூறு வருடம் உழைக்கும், விரலைத்தான் கேட்கும் என்று என் கையைப் பார்த்தார்.

மத்தியானம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936இல், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி கட்டியது. ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்துக்கு வந்தவர். முருகனுக்குக் குறிஞ்சி என்ற பெயர், ஆனால் குறிஞ்சிப் பூ இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. 2018இல் பூத்தது, இனி 2030. அதுவரை ஆண்டவருக்குக் கீழேயிருந்து வந்த பூதான்.

அத்தை பையிலிருந்து மல்லிச்சரத்தை எடுத்தார். மூன்று நாளாகியும் விரியாத மொட்டு, ஓரத்தில் லேசான பழுப்பு. குருக்களிடம் கொடுக்கத் தயங்கினார். "மொட்டாவே இருக்கு சாமி, குளிரு." அவர் வாங்கிச் சாத்தினார்.

கோயில் பின்னாலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கும், மேகம் விலகும்போது பழனிப் பக்கத்துச் சமவெளியும் தெரிகின்றன. அங்கே நின்றபோது குறிஞ்சிப்பாட்டு நினைவு வந்தது. கபிலர் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது. தினைப்புனம் காத்த பெண்கள் அருவியில் ஆடிவிட்டுப் பூப்பறிக்கப் போகிறார்கள். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்கினால் மூச்சு விடாமல் தொண்ணூற்றொன்பது பூ. பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொன்னபோது அதை வெறும் பட்டியல் என்று வெறுத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அடுத்த வரி கண்ணில் நிற்கிறது: பறித்ததையெல்லாம் மழை கழுவிய அகன்ற பாறையில் குவிக்கிறார்கள். அடுத்து தழையை உடுத்தி, கட்டிய பூவைக் கூந்தலில் சூடிக்கொள்கிறார்கள் என்றாலும், அதற்கு முன் ஒரு நொடி, அத்தனை நிறமும் ஈரப் பாறை மேல் சும்மா கிடக்கிறது. தட்டும் ஆணியும் இல்லாமல், தண்டையும் அளக்காமல். டீச்சரிடம் சொன்னேன். "பாறைதான் அவங்க தட்டு" என்றார்.

நாலு மணி பஸ். டீச்சர் எனக்கு ஒரு ஆணித் தட்டும், அத்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் கொடுத்தார். அத்தை வாழைநாரில் பாதியை வெட்டி டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்குப் போனதும் இருபது கார்னேஷனையும் தட்டில் எப்படி நிறுத்துவது என்று நான் மனசுக்குள் படம் போட்டுக்கொண்டே, டம்டம் பாறை வளைவில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பஸ் சமவெளிக்கு இறங்கியிருந்தது. என் மடியில் கட்டு இல்லை. பக்கத்தில் அத்தை, பஸ் தரையில் இருபது பச்சைத் தண்டுகள். பக்க மொட்டுகளை இடையில் வைத்து, முதல் நாள் வாங்கிய மரிக்கொழுந்தை ஊடு கொடுத்து, சிவப்பு மாலை ஒன்று கட்டி முடித்திருந்தார். மரிக்கொழுந்து பாதி காய்ந்திருந்தாலும் வாசம் இருந்தது.

"அத்தே! காம்பு!"

"காம்பு எதுக்குத்தா, வெட்டிக் கனம்."

வத்தலக்குண்டு நிறுத்தத்தில் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், ஓட்டுநர் தலைக்கு மேல் இருந்த பிள்ளையார் படத்துக்கு மாலையைப் போட்டார். இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்குகிறதா என்று ஒரு எட்டு பின்னால் நகர்ந்து பார்த்தார்.

ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்து, "இது என்ன பூக்கா, புதுசா இருக்கு?" என்றார்.

"சீமைப் பூ தம்பி. சாமிக்கு ஆகும்."